தந்தையா, தனயனா?



"காலத்தை வென்று நிற்பது பழைய காரா, புதிய காரா?" இதுதான் தலைப்பு. எடுத்துக்கொண்ட வண்டிகள் இரண்டு. இரண்டுமே இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பெனி பெற்ற பிள்ளைகள். 1961-இல் பிறந்த இ-டைப் தந்தை. 2013-இல் விற்பனைக்கு வந்த எஃப்-டைப் தனயன். ஆங்கில எழுத்தில் ஈக்கு அடுத்தது எஃப். பேர் வைக்கும்போதே வாரிசுன்னு சொல்லித்தான் வெச்சாங்க.

எனக்கு முன்னால் பேசிய தம்பி தனயனுக்காக வாதாடினார். "உங்க பழைய கார் மணிக்கு 240 கிலோமீட்டர்னு சொல்லிக்கிட்டுது. எங்க எஃப்-டைப்பில் 2016-இல் வந்த ஒரு வகை 322 போகும். எட்டு கியர், தானே மாறும்" என்றார். நல்லாப் பேசினார் தம்பி. ஆனா அது கார் விற்கிறவர் பேசுற பேச்சு. நாம கார் வாங்க வரலே. நம்மில் பாதிப் பேர் பஸ் டிக்கெட்டுக்கே சில்லறை தேடுறவங்க. (சிரிப்பு) நாம வரலாறு பேச வந்திருக்கோம்.

வரலாறு எங்கே தொடங்குது? நெருப்பில் தொடங்குது! இரண்டாம் உலகப் போர். கோவென்ட்ரி நகரத்தின் மேல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போடுகின்றன. தொழிற்சாலை தீப்பிடித்தால் அணைக்க ராத்திரி முழுக்கக் காவல் இருக்க வேண்டும். முதலாளி வில்லியம் லயன்ஸும், ஹெய்ன்ஸ் முதலான அவருடைய பொறியாளர்களும் முறை போட்டுக் காவல் இருந்தார்கள். நம்ம ஆளுங்கன்னா சீட்டு ஆடியிருப்போம். (சிரிப்பு) அவர்கள் போர் முடிந்தபின் என்ன என்ஜின் செய்யலாம் என்று பேசினார்கள். அந்தப் பேச்சில் கருவானதுதான் எக்ஸ்கே என்ஜின். 1948-இல் வெளியே வந்தது. 1961-இல் இ-டைப்பின் நெஞ்சுக்குள் துடித்ததும் அதுதான்.

சரி, இ-டைப்புக்கும் ஒரு தந்தை உண்டே! டி-டைப் என்கிற பந்தயக் கார். பிரான்சில் லெ மான்ஸ் என்ற ஊரில் 24 மணி நேரம் விடாமல் ஓட்டும் பந்தயம் நடக்கும். 1955, 1956, 1957 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்தது டி-டைப். 1957 பிப்ரவரியில் ஜாகுவார் தொழிற்சாலையே தீப்பிடித்தது. அதே வருடம் ஜூனில் பந்தயத்தில் முதல் நாலு இடமும் டி-டைப்புக்கு. அப்பேர்ப்பட்ட அப்பனுக்குப் பிள்ளையாப் பிறந்தா என்ன செய்வோம்? அப்பன் பேரைச் சொல்லியே காலத்தை ஓட்டுவோம். இ-டைப் அப்படிச் செய்யலே.

வடிவம் கொடுத்தவர் மால்கம் சேயர். விமானக் கம்பெனியில் வேலை பார்த்து வந்தவர். கணிப்பொறி கிடையாது. பிள்ளைங்க பரீட்சைக்கு எடுத்துக்கிட்டுப் போவாங்களே லாக் டேபிள், அதை வெச்சுக் கணக்குப் போட்டு அந்த வளைவுகளை வரைந்தார். காற்று தடையில்லாமல் வழுக்கிப் போக என்ன வடிவம் வேணும்னு பார்த்தார். அழகு தானே வந்து உட்கார்ந்தது.

நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே மேடுபள்ளம் தாங்கும் அமைப்பு. இதெல்லாம் அன்று பெரும் பணக்காரர் வண்டியிலும் அபூர்வம். விலை? சுமார் 2,100 பவுண்டு. அதே நாட்டு ஆஸ்டன் மார்ட்டின் விலையில் ஏறக்குறைய பாதி! எப்படி முடிந்தது? அந்த எக்ஸ்கே என்ஜின் ஏற்கெனவே ஜாகுவாரின் குடும்பக் கார்களில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் இருக்கிற அரிசி பருப்பை வெச்சே கல்யாண விருந்து சமைச்ச மாதிரி!

1961 மார்ச்சில் ஜெனீவாவில் வண்டியைக் காட்டினார்கள். ஓட்டிப் பார்க்க வந்த கூட்டத்துக்கு இருந்த வண்டி போதவில்லை. "இன்னொன்றை உடனே கொண்டு வா" என்று கோவென்ட்ரிக்குத் தகவல் போனது. சோதனை ஓட்டுநர் நார்மன் டூவிஸ் ராத்திரியோடு ராத்திரியாகக் கடலையும் தாண்டிக் காலையில் கொண்டுவந்து நிறுத்தினார். (கைதட்டல்)

இப்போ தனயனுக்கு வருவோம். நியாயம்னா நியாயம். முதலில் வந்த இ-டைப்பில் முதல் கியர் போட்டால் பல் உராயும். சீட்டில் நெடுநேரம் உட்கார முடியாது. மோதினால் காப்பாற்ற ஏர்பேக் கிடையாது. எஃப்-டைப்பிலே ஏர்பேக் உண்டு. சக்கரம் சறுக்காத ஏபிஎஸ் பிரேக் உண்டு. நடந்து போகிறவர் மேல் மோத நேர்ந்தால் அவர் தலைக்கு அடி குறைய பானெட் தானே மேலெழும்பும் ஏற்பாடும் செய்தார்கள். வண்டிக்குள்ளே இருக்கிறவன் உயிர் மட்டுமா, ரோட்டில் போகிறவன் உயிரும் உயிர்தானேன்னு நினைச்ச மனசு இருக்கே, அதுக்குத் தலைவணங்குகிறேன். என் வீட்டுப் பிள்ளை எதில் போகணும்னு கேட்டா, எஃப்-டைப்பில்தான் ஏற்றி அனுப்புவேன். ஒளிவு மறைவே இல்லை.

அப்புறம் ஏன் தந்தை பக்கம் நிற்கிறேன்? 2013-இல் எஃப்-டைப் தந்த வசதிகளில் பெரும்பாலானவை போர்ஷே போன்ற போட்டி வண்டிகளிலும் இருந்தன. விலையும் அவற்றை ஒட்டியே இருந்தது. ஊரார் செய்ததை இவரும் நன்றாகச் செய்தார். பின்விளக்கைப் பார்த்தாலே அப்பன் ஜாடை! ஆனால் தந்தை அப்பன் ஜாடையோடு நிற்கவில்லை. பந்தயத் திடலில் சிலருக்கு மட்டும் கிடைத்ததைப் பாதி விலையில் தெருவுக்குக் கொண்டுவந்தார். அப்பன் செய்யாததைச் செய்தார்!

தம்பி கணக்குச் சொல்வார்: "இ-டைப் 72 ஆயிரத்துச் சொச்சம், எஃப்-டைப் 87 ஆயிரத்துக்கு மேல்." உண்மைதான். 2024-இல் எஃப்-டைப் உற்பத்தி நின்றது. இ-டைப் நின்றது 1974-இல். நின்று 22 வருடம் கழித்து, 1996-இல், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒரு இ-டைப்பை எடுத்துப் போய்க் கலைப்பொருளாக வைத்தது. தலைகளை எண்ணினால் தனயன் ஜெயிப்பார். தடத்தைப் பார்த்தால் தந்தைதான்.

கடைசியாக ஒன்று. 2008-இல் ஜாகுவாரை வாங்கியது நம்ம டாடா. நம்ம ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் செய்யவென்று ஒரு தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நட்டார்கள். அங்கே வேலைக்குப் போகப்போகிற நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: தந்தையின் ஜாடை தானே வரும். தந்தை கேட்ட கேள்வியைத்தான் நாம கேட்டு வாங்கணும். "இதுவரைக்கும் சிலருக்கே கிடைச்சதை இன்னும் பலருக்கு எப்படிக் கொடுக்கலாம்?" தீ எரியும் ஊரில் காவல் இருந்தபடி அவர்கள் நாளையைத்தான் நினைத்தார்கள், நேற்றை அல்ல. அதனால் காலத்தை வென்றது தந்தையே என்று தீர்ப்பு வழங்குங்கள் நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)