பாட்டன் மலையேறியது எந்த ஆண்டு?

மூணாறு பழைய சி.எஸ்.ஐ. தேவாலயத்தை ஒட்டிய குன்றில் அத்தேவாலயத்தைவிட மூத்த கல்லறை ஒன்று உண்டு. தேயிலைத் தோட்ட மேலாளர் ஹென்றி மான்ஸ்ஃபீல்ட் நைட்டின் இளம் மனைவி எலினோர் இசபெல் மே, 1894-இல் காலராவுக்குப் பலியாகி அங்கு அடக்கமானார். தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1910-இல்தான்.

அதே 1894-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் யூட்டா வம்சாவளிச் சங்கம் தொடங்கப்பட்டது. மார்மன் திருச்சபையைச் சார்ந்த அச்சங்கம் பிற்காலத்தில் பல நாடுகளின் பிறப்பு, திருமண, இறப்பு ஏடுகளை நுண்படம் எடுத்தது. ஹரித்துவார் பண்டாக்களின் வம்சாவளி ஏடுகளும் அவற்றுள் அடங்கும். அத்திருச்சபையின் இளைஞர்கள் சிலர் தம் ஊழியக் காலத்தைக் குடும்ப வரலாற்றுப் பணிக்கே அளிக்கின்றனர். ஆனால் அப்பணி நடைபெற முன்னோர் பெயர் ஏதேனும் ஓர் ஏட்டில் ஏறியிருக்க வேண்டும்.

மூணாற்றுத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் இடர் இங்குதான் தொடங்குகிறது. 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். பின்னர் திருநெல்வேலி, மதுரைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். கங்காணி முறையில் தொழிலாளி முதன்மையாக ஒரு கடன் கணக்கு. அவருடைய தாய் தந்தையர் யார் என்பது அக்கணக்குக்குத் தேவைப்படவில்லை.

இன்று அது தேவைப்படுகிறது. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியானது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கு அத்தகுதியின் பயன்களைக் கோர இயலாது என 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதிப் பெயர் இரு மாநிலப் பட்டியல்களிலும் இருப்பது மட்டும் போதாது. எனவே தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தமிழ்ப் பட்டியல் சாதி மாணவரிடம், தம் குடும்பம் அந்நாளுக்கு முன்பே அங்கு குடியேறியதற்கான சான்று கேட்கப்படுகிறது. (எல்லைகளின் விசித்திரத்தையும் கவனிக்கலாம்: அன்று பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது, அருகிலுள்ள சித்தூரோ திருவிதாங்கூர்-கொச்சியில்.)

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தது. வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952-இல். முதல் பொதுத் தேர்தல் 1951-52-இல். தொழிலாளியைப் பெயர் சொல்லிப் பதிய வைத்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவை அந்தக் காலவரம்பைச் சிறிது தவறவிட்டே வந்தன!

குடும்பங்களிடம் வேறொரு ஆவணம் உண்டு: குலதெய்வம். எந்த ஊர்க் கோயிலில் முடியிறக்கி, காது குத்துகிறார்களோ, அந்த ஊரே பூர்வீகம். வம்சாவளி ஆய்வாளருக்கு இதனினும் நம்பகமான தடயம் அரிது. ஆயினும் சான்றிதழ் கேட்பவருக்கு அதுவே இடையூறாகலாம்: எங்கிருந்து வந்தனர் என்பதைக் குலதெய்வம் சொல்லும், எப்போது வந்தனர் என்பதைச் சொல்லாது. பூர்வீக நினைவு வலுவாக இருக்குமளவுக்கு அவர் ‘வெளியூர்க்காரர்’ ஆகிறார்.

ஆகவே இம்மலையில் குடும்ப வரலாறு சேகரிக்கும் இளைஞர், பெயர் வரிசையைவிட முதலில் ஆண்டைத் தேட வேண்டியிருக்கிறது. முதியோர் நினைவில் ஆண்டு எண்ணாக இராது, நிகழ்ச்சியாக இருக்கும். 1924 ஜூலையில் மூணாற்றையும் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதையையும் சிதைத்த பெருவெள்ளம், கொல்லம் ஆண்டு 1099-ஐ ஒட்டி ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ எனப்படுகிறது. பாட்டி பிறந்தது வெள்ளத்துக்கு முன்பா பின்பா, எந்த லயத்தில், எந்தக் கங்காணியின் கீழ் என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், தோட்டத்தின் பழைய பேரேட்டிலும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்பதாவது தெரியவரும்.