உயிரணு ஒட்டுதல்: இருவாழ்விகளின் கால் வளர்ச்சியில்

காலின் மேற்பகுதியில் உள்ள உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் வலு வேறு, விரல் பக்கத்தில் உள்ளவற்றின் வலு வேறு. இதற்கான தெளிவான சான்றுகள் வெட்டிய காலைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும் சாலமாண்டர்களிடமிருந்தே கிடைத்தன.

1955-இல் டவுன்ஸும் ஹோல்ட்ஃபிரெட்டரும் இருவாழ்விக் கருவைக் காரக் கரைசலில் தனித்தனி உயிரணுக்களாகப் பிரித்துக் கலந்துவிட்டார்கள். அவை தாமாகவே இனம் பிரிந்து, தோலுக்குரியவை வெளிப்புறமாக அமைந்தன. எண்ணெயும் நீரும் பிரிவதைப்போல, பற்று குறைந்தவை பற்று மிகுந்தவற்றைச் சூழ்ந்துகொள்ளும் என்று 1963-இல் ஸ்டைன்பெர்க் விளக்கினார்.

அடுத்த திருப்பத்தில் ஜெய்ப்பூருக்குப் பங்கு உண்டு. பாடநூல்கள் இதை அதிகம் பேசுவதில்லை. அங்குள்ள ராஜஸ்தான் பல்கலைக்கழகத்தில் நியாசியும் சக்சேனாவும் தேரையின் தலைப்பிரட்டைகளின் பின்காலை வெட்டி, வைட்டமின் ஏ கலந்த நீரில் விட்டார்கள். இழந்த பகுதியோடு நில்லாமல், வெட்டுக்கு மேலே இருந்த பகுதிகளும் மறுபடி முளைத்தன. 1978-இல் இது வெளியானது. நான்கு ஆண்டுகளில் மேடன் ஆக்சலாட்டில் என்ற சாலமாண்டரில் இதே விளைவைக் காட்டிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1992-இல் புவனேசுவரத்தில் பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாடி குழுவினர் அதே வைட்டமினைக் கொண்டு தலைப்பிரட்டையின் வெட்டிய வால் இடத்தில் கால்களையே முளைக்க வைத்தனர்.

வைட்டமினுக்கும் ஒட்டுதலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியவர் ஸ்டோக்கம். 1984-இல் நார்டியுடன் அவர், ஆக்சலாட்டிலின் கால் வெட்டிய இடத்தில் உருவாகும் முளைத்திசுக்கள் இரண்டைச் சேர்த்து வைத்தார். மணிக்கட்டுத் திசுவைத் தோள்பக்கத் திசு சுற்றி விழுங்கியது; ஒரே மட்டத்தவை நேர்கோட்டில் ஒட்டின. 1988-இல் கிராஃபோர்டுடன் செய்த சோதனை இன்னும் அழகானது. முன்கால் முளைத்திசுவை எடுத்து, வளரும் பின்காலின் தொடையில் ஒட்டினார்கள். மணிக்கட்டுத் திசு கணுக்காலுக்கும் முழங்கைத் திசு முழங்காலுக்கும் நகர்ந்துபோய் நின்றன. மேற்கைத் திசு தொடையிலேயே தங்கியது. வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலம் கொடுத்தபோது, மணிக்கட்டுத் திசுவும் தொடையைவிட்டு அசையவில்லை.

இதில் பங்குள்ள புரதம் 2002-இல் லண்டனில் பிராக்ஸின் ஆய்வகத்தில் அகப்பட்டது. உயிரணுப் பரப்பில் இருக்கும் புரோட்1 மேற்பகுதியில் மிகுந்தும் நுனியில் குறைந்தும் காணப்படும். ரெட்டினாயிக் அமிலம் பட்டால் கூடும். அதை எதிர்ப்புரதத்தால் மறைத்தால், திசு திசுவைச் சூழ்வது தடைபடும். ஆனால் புரோட்1 சாலமாண்டர்களுக்கே உரியது என்று பின்னர் தெரியவந்தது. ஆகவே ஜெய்ப்பூர்த் தேரையில் நடந்ததை அதைக் கொண்டு விளக்க முடியாது.