கைவினை வாழ்த்து அட்டை: திண்டுக்கல் வட்டாரம்

தாளை மடித்தும் வெட்டியும், சுருட்டியும் துளையிட்டும், ஒருவர் தம் கையால் ஒவ்வொன்றாகச் செய்து அனுப்பும் வாழ்த்து மடல் கைவினை வாழ்த்து அட்டை எனப்படும். திண்டுக்கல் நகரமும் அதைச் சூழ்ந்த சமவெளியும் பூட்டுக்கும் தோலுக்கும் நூற்பாலைக்கும் பெயர் பெற்றவை. வாழ்த்து அட்டை இங்கே தனித்தொழிலாகப் பெயர் எடுத்ததில்லை. பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பிலும், மார்கழி மாதத்து வீட்டுத் திண்ணையிலுமே அது வளர்ந்தது. இந்தக் கட்டுரையில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி மதுரை, தேனி, விருதுநகர் பக்கத்து ஊர்களுக்கும் பொருந்தும்.

அச்சு அட்டையும் கை அட்டையும்

விற்பனைக்கென்று அச்சிட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843-இல் லண்டனில் வெளிவந்தது. ஹென்றி கோல் என்பவருக்காக ஜான் கால்கட் ஹார்ஸ்லி வரைந்த படம் அது. தமிழ்நாட்டில் இந்த வழக்கம் கிறிஸ்துமஸோடு நிற்கவில்லை, பொங்கலுக்கும் வந்து சேர்ந்தது. பொங்கலைத் தமிழர் திருநாளாகக் கொண்டாட வேண்டும் என்று திராவிட இயக்கம் வலியுறுத்தியதற்கும், பொங்கல் வாழ்த்து அட்டை பரவியதற்கும் தொடர்பு உண்டு. அண்ணா, எம்.ஜி.ஆர்., கருணாநிதி படம் போட்ட அட்டைகளைத் தொண்டர்கள் வாங்கி அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு முருகனும் லட்சுமியும் இருந்தார்கள், நடிகர் நடிகையரும் இருந்தார்கள், பானையும் கரும்பும் உழவனும் இருந்தார்கள்.

இவை பெரும்பாலும் சிவகாசியில் அச்சானவை. 1920-களில் தீப்பெட்டித் தொழில் தொடங்கிய அந்த ஊரில், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்க வந்த அச்சகங்கள் பின்னர் நாட்காட்டிக்கும் வாழ்த்து அட்டைக்கும் மாறின. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி நாட்காட்டிகளின் வழியே வீடுதோறும் போய்ச் சேர்ந்தன. அட்டைகளின் முகத்தோற்றமும் நிற ருசியும் அந்த மரபிலிருந்து வந்தவையே.

மார்கழி பிறந்ததும் பேருந்து நிலையங்களிலும் கடைவீதிகளிலும் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். அந்த நாளில் கையால் செய்த அட்டை ஏழையின் அட்டை. கடை அட்டைக்குக் காசு இல்லாத பிள்ளை, பழைய நோட்டின் அட்டையை வெட்டிப் பானை வரைந்து சூரியனுக்கு மஞ்சள் தீட்டிப் பக்கத்து வகுப்பு நண்பனுக்குக் கொடுத்தது. பெறுபவர் அதைப் பெரிதாக எண்ணியதுமில்லை. இந்த நிலை தலைகீழானது கைப்பேசி வந்த பிறகுதான். 2000-க்குப் பின் வாழ்த்து குறுஞ்செய்தியாகச் சுருங்கியது. பண்டிகை நாளில் மட்டும் குறுஞ்செய்திக்குக் கூடுதல் கட்டணம் என்று நிறுவனங்கள் வசூலித்ததும் உண்டு, அப்படியிருந்தும் அட்டை மீளவில்லை. வாட்ஸ்அப் வந்ததும் கயிற்றுக் கடைகள் ஏறக்குறைய மறைந்தன. அச்சு அட்டை போன பிறகு கை அட்டை மட்டும் எஞ்சி நின்றது, விலை உயர்ந்த பொருளாகவும் ஆனது. பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் ஆசிரியர் தினத்துக்கும் இன்று கையால் செய்த அட்டையைக் கொடுத்தால் அது சிக்கனம் ஆகாது, சிரத்தை ஆகும்.

கைவேலை வகுப்பு

கைத்தொழில் வழியே கல்வி என்ற காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டம் 1937-இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் உருப்பெற்றது. நூற்பும் நெசவும் தோட்ட வேலையும் அதில் முதன்மை பெற்றன, தாள் வேலையும் அட்டை வேலையும் பள்ளிக் கைத்தொழில்களாக இடம்பெற்றன. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சின்னாளப்பட்டியை அடுத்துள்ள காந்திகிராமத்தை டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கினர். ஆதாரக் கல்வி இந்தச் சமவெளியில் கால் ஊன்றியதில் அந்த நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. அதன் கிராமியக் கல்வி நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. ஆதாரப் பள்ளிகள் என்ற பெயர் பின்னாளில் மங்கிவிட்டாலும், தாளை அளந்து மடிப்பதும் அட்டைக்குக் காலிகோ ஒட்டுவதும் கைவேலை ஆசிரியர்களிடம் பழக்கமாகத் தங்கின.

தாள்

கடையில் கேட்கப்படுவது பெரும்பாலும் 'சார்ட்' எனப்படும் கெட்டித் தாள். அட்டைக்கு உடலாக நிற்கச் சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிராம் வரை எடையுள்ள தாள் வேண்டும். ஜெராக்ஸ் தாள் 70 அல்லது 75 கிராம்தான், அதனால் உள்ளே ஒட்டும் எழுத்துப் பக்கத்துக்கு மட்டுமே அது உதவும். அலங்காரத்துக்கு ஜிகினாத் தாள், கிரேப் தாள், பட்டத் தாள், வெல்வெட் தாள் எல்லாம் கிடைக்கின்றன.

இந்த வட்டாரத்தில் உண்மையான மூலப்பொருள் கல்யாணப் பத்திரிகைதான். முகூர்த்த மாதங்களில் வீட்டுக்கு வீடு பத்திரிகை குவிகிறது. கெட்டியான தாள், பொன் அச்சு, மேடு தட்டிய பிள்ளையார் என்று எல்லாம் தயாராக இருக்கிறது. எழுத்தில்லாத பின்பக்கம் அட்டையின் முகமாகிறது, பிள்ளையாரும் மயிலும் வெட்டி ஒட்டப்படுகின்றன. சாமி படம் காலில் மிதிபடக்கூடாது என்று பத்திரிகையைக் குப்பையில் போடத் தயங்கும் வீடுகளுக்கு இது நல்ல வழியும்கூட.

கையால் செய்த தாள் வேறு இனம். பருத்தித் துணி வெட்டுகளைக் கூழாக்கி, தொட்டியில் கரைத்து, சல்லடைச் சட்டத்தால் அள்ளி, கம்பளித் துணியில் கவிழ்த்து, அழுத்தி உலர்த்துவது அதன் முறை. திருப்பூர் பனியன் வெட்டுத்துணி இத்தொழிலுக்கு நல்ல மூலப்பொருள். தமிழ்நாட்டுக்கு அருகில் பெயர் பெற்றது புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் கூடம். நாட்டளவில் இத்துறைக்கான ஆய்வு நிறுவனம் ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் இருக்கிறது. அது ஜே.சி. குமரப்பாவின் பெயரைத் தாங்குகிறது. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த அவர், 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர். கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கழித்தார், 1960-இல் மறைந்தார். நூற்பாலைகள் நிறைந்த வேடசந்தூர், திண்டுக்கல் பகுதியிலும் பஞ்சுக் கழிவுக்குக் குறைவில்லை. ஆனால் கைத்தாளின் விலை சார்ட்டைவிட அதிகம் என்பதால் பள்ளிப் பிள்ளைகள் கைக்கு அது வருவதில்லை.

மடிப்பு

பார்ப்பவர் அலங்காரத்தைப் பார்க்கிறார், செய்பவர் மடிப்பைப் பார்க்க வேண்டும். கோணிய மடிப்பை எவ்வளவு ஜிகினா ஒட்டினாலும் மறைக்க முடியாது.

எந்திரத்தில் செய்த தாளில் நார்கள் எந்திரம் ஓடிய திசையில் படுத்திருக்கும். இதை ஓட்டம் என்று சொல்லலாம். ஓட்டத்துக்கு இணையாக மடித்தால் தாள் எளிதாக மடியும், குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்து வெள்ளை தெரியும். ஓட்டத்தைக் கண்டுபிடிக்கத் தாளை மடிக்காமல் இரண்டு திசையிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால் போதும், எதிர்ப்புக் குறைந்த பக்கம் ஓட்டம். ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்தும் பார்க்கலாம். ஓட்டத்தோடு கிழிந்தால் நேராகப் போகும், குறுக்கே போனால் கோணும். சட்டத்தில் அள்ளிய கைத்தாளில் நார்கள் எல்லாத் திசையிலும் கிடப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

கெட்டித் தாளை மடிக்குமுன் கோடு அழுத்த வேண்டும். கடைகளில் இதற்கு எலும்பாலான கருவியும் பிளாஸ்டிக் கருவியும் விற்கின்றன. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவும் இரும்பு ஸ்கேலும் அதே வேலையைச் செய்யும். அழுத்திய பள்ளம் அட்டையின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்ளே மேடு வர வேண்டும். பிள்ளைகள் இதைப் பெரும்பாலும் மாற்றிச் செய்வார்கள், பள்ளத்துக்குள்ளேயே மடிப்பார்கள்.

எழும் அட்டை

திறந்ததும் உள்ளிருந்து பானை எழுந்து நிற்கும் அட்டைக்கு அடிப்படை இரண்டு வெட்டுகள். தாளை மடித்து, மடிப்பு விளிம்பிலிருந்து சம நீளத்தில் இரண்டு கோடு வெட்டி, நடுப்பகுதியை உள்ளே தள்ளினால் ஒரு படி உருவாகும். அந்தப் படியின் முகத்தில் பானையை ஒட்ட வேண்டும். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. பானை மடிப்பிலிருந்து எவ்வளவு தூரம் முன்னே நிற்கிறதோ, அந்தத் தூரமும் பானையின் உயரமும் சேர்ந்து ஒரு பக்கத்தின் அளவைத் தாண்டக்கூடாது. ஏ5 தாளை அதன் நீளம் பாதியாகும்படி மடித்தால் ஒவ்வொரு பக்கமும் மடிப்பிலிருந்து 10.5 செ.மீ. இருக்கும். படி 3 செ.மீ. முன்னே நின்றால் பானையும் அதன் மேல் பொங்கும் நுரையும் 7.5 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். கரும்பை ஆசைப்பட்டு உயரமாக வைத்தால், அட்டையை மூடியதும் தோகை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சிலர் அதை வேண்டுமென்றே செய்கிறார்கள், அழகாகவும் இருக்கிறது. ஆனால் உறைக்குள் போகாது.

சுருள் வேலை

குயில்லிங் என்று வகுப்பெடுக்கப்படும் சுருள் வேலை ஐரோப்பிய மடாலயங்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன் வளர்ந்தது. பொன் பூசிய புத்தக விளிம்புகளிலிருந்து வந்த தாள் கீற்றுகளை இறகின் தண்டில் சுற்றி, பொற்கம்பி வேலை போலத் தோன்றச் செய்தார்கள். தமிழ்நாட்டில் இது முதலில் காதணியாகப் பரவியது. அட்டைக்கு 3 மி.மீ. அகலக் கீற்று ஏற்றது, 5 மி.மீ. கீற்று உறைக்குள் புடைக்கும். ஊசியில் இறுகச் சுற்றித் தளரவிட்டு, ஒரு முனையைக் கிள்ளினால் நீர்த்துளி வடிவம் வரும், இரு முனையையும் கிள்ளினால் கண் வடிவம். ஐந்தாறு நீர்த்துளிகள் சேர்ந்தால் பூ ஆகிவிடும். இந்த எளிமையே இதன் குறையும். வகுப்பில் கற்ற அதே ரோஜா எல்லா அட்டையிலும் பூத்து நிற்கிறது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஏன் கத்தரிக்காயையும் முருங்கையையும் சுருட்டிப் பார்ப்பதில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

நூலும் துளையும்

இந்த மண்ணுக்கு மிகப் பொருந்துவது நூல் அட்டை. கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து, அதை அட்டையின் மேல் வைத்து ஊசியால் குத்தி, வண்ண நூலைக் கோத்தால் கோலம் கிடைக்கும். புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும் நட்சத்திரக் கோலம் இதற்கு அப்படியே உதவும். புள்ளியைச் சுற்றி வளையும் சிக்குக் கோலத்துக்கு, வளைவு நெடுகத் துளைகளை நெருக்கமாக இட வேண்டும். துளைகள் மிக நெருங்கினால் தபால்தலைத் தாள் போலக் கிழிந்துவிடும், 3 மி.மீ. இடைவெளி பாதுகாப்பானது. நூலின் முடிச்சுகள் பின்பக்கம் தெரியாமல் இன்னொரு தாளை ஒட்டி மறைப்பார்கள்.

உலர்ந்த பூவை ஒட்டும் வழக்கமும் உண்டு. நிலக்கோட்டைப் பக்கம் பூவுக்குப் பஞ்சமில்லை, ஆனால் மல்லிகை புத்தகத்துக்குள் வைத்தால் பழுப்பேறிவிடும். வேலியோரத்துக் காகிதப்பூ நன்றாகப் பதியும், அதன் மெல்லிய இதழில் நீர் குறைவு.

பசையும் மங்கலமும்

உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கையே போதும் என்றிருந்த காலம் உண்டு. கருவேலம் பிசினும் மைதாப் பசையும் அடுத்து வந்தன. பைண்டிங் செய்பவர்கள் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, ஆகவே பிள்ளைகள் கையில் தரத் தகாதது. இன்றைய ஃபெவிகால் வகைப் பசையில் நீர் இருப்பதால் மெல்லிய தாளில் பூசினால் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் காய நேரம் பிடிக்கும், அட்டை வளையும். பசையைப் பட்டையாகப் பூசாமல் ஓரத்தில் மட்டும் தொட்டு வைத்து, மேலே நோட்டுகளை அடுக்கி இரவு முழுவதும் விட்டுவிடுவது நல்லது.

நல்ல காரியத்துக்கு அனுப்பும் தாளின் நான்கு முனையிலும் மஞ்சள் தடவுவது தமிழ் வழக்கம், வாழ்த்து அட்டையிலும் சிலர் அப்படிச் செய்கிறார்கள். கறுப்புக் கரை போட்ட அட்டை எவ்வளவு நாகரிகமாக இருந்தாலும் இங்கே எடுபடாது. துக்கச் செய்தி அச்சாவது அந்தக் கரையோடுதான்.

விற்பனையும் தபாலும்

அட்டையை நற்பணிக்கு நிதி திரட்டும் வழியாக்கியது யுனிசெஃப். 1949-இல் வந்த அதன் முதல் அட்டை செக்கோஸ்லோவாகியாவைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வரைந்த படம். இந்தியாவில் 1979-இல் தொடங்கிய, குழந்தைகளுக்கான 'கிரை' அமைப்பும் அட்டை விற்பனையால் வளர்ந்தது. திண்டுக்கல் போன்ற ஊரில் கை அட்டை கடைக்குப் போவது குறைவு. தெரிந்தவர் சொல்லி வரும் ஆர்டர்தான் பெரும்பாலும். செலவில் தாளின் பங்கு சிறியது, நேரத்தின் பங்கு பெரியது. சுருள் வேலை அட்டை ஒன்றுக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். அந்த மாலைக்கு விலை வைக்கத் தயங்குவதால்தான் வீட்டில் செய்பவர்கள் பலர் நட்டப்படுகிறார்கள்.

பொங்கல் அட்டையின் நாட்களில் உறையின் மடலை ஒட்டாமல் உள்ளே செருகி, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதிக் குறைந்த கட்டணத்தில் அனுப்புவார்கள். கை அட்டைக்கு ஒட்டிய உறையே பாதுகாப்பு, சுருளும் இதழும் உதிராமல் இருக்க வேண்டும். சாதாரணக் கடிதத்துக்கு முதல் கட்டணம் 20 கிராம் வரைதான். 300 கிராம் வகைத் தாளில் ஏ5 அளவு ஏறக்குறைய 9 கிராம் எடை, உறை 4 கிராம் என்றால் அலங்காரத்துக்கு 6, 7 கிராம் மிஞ்சும். அதே தாளில் ஏ4 அளவை மடித்தால் அட்டை மட்டுமே 18 கிராமைத் தாண்டும், உறையோடு எல்லை மீறிவிடும். போதிய தபால்தலை ஒட்டாமல் பெட்டியில் போட்டால், குறையும் தொகையைப் போல் இருமடங்கைத் தபால்காரர் வாழ்த்துப் பெறுபவரிடம் வசூலிப்பார்.