மூதாதையர் பலகையும் திருச்சபையும்

மூதாதையர் பெயர் பொறித்த மரப்பலகையின் முன் ஊதுவத்தி ஏற்றி வணங்குதல் சீனர் இல்லத்து மரபு. அது வழிபாடா, நன்றிக்கடனா? 1601-இல் பெய்ஜிங் சேர்ந்த இயேசு சபைக் குரு மத்தேயோ ரிச்சி நன்றிக்கடனென்றே கொண்டார். பின்வந்த தொமினிக்கர் மறுத்தனர். 1700-இல் காங்சிப் பேரரசரே அது வழிபாடன்று என உரைத்தும் உரோமாபுரி செவிசாய்க்கவில்லை. சீனர் ஒழுக்கத்தைச் சீனப் பேரரசரினும் தாமே நன்கறிந்ததாக எண்ணினர் போலும்! 1715-இல் பாப்பரசர் 11-ஆம் கிளமெந்து தடையை வலியுறுத்தினார். 1721-இல் காங்சி கிறித்தவப் போதனையையே விலக்கினார். பெற்றோரைப் போற்றலே தலையாய அறமென்னும் சமுதாயத்தில், ஞானஸ்நானம் பெற்றவன் தன் குடும்பத்தாருக்கே அயலானான். 1939-இல் 12-ஆம் பத்திநாதர் காலத்தில்தான் தடை தளர்ந்தது. 1971-இல் தைப்பேயில் கர்தினால் யூ பின் மூதாதையர் சடங்கைத் தாமே முன்னின்று நடத்தினார். சீர்திருத்தச் சபையார் பலர், ஊதுவத்தியை விடுத்து மலர் வைத்தலையே இன்றும் மேற்கொள்கின்றனர்.