கடைமடைக்கு கரண்டு போகணும்ல?

புரோகிராம் எழுதுற மக்கள்ஸ், வேரியபிளுக்குப் பேர் தோணலைன்னா 'ஃபூ'ன்னு வெச்சுட்டுப் போயிடுவோமே, அது நம்ம பொட்டிக்குள்ள வந்து சேர்ந்த வழியில ஒரு பொம்மை ரயில் மேசை இருக்கு.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946ல் ஆரம்பிச்ச மாணவர்களின் மாடல் ரயில் கிளப் அது. அதில் ரெண்டு கோஷ்டி. ஒண்ணு மேசைக்கு மேலே மலை, மரம், குட்டி வீடுன்னு வண்ணம் அடிக்கும். இன்னொண்ணு எந்நேரமும் மேசைக்கு அடியிலேயே கிடக்கும். அவங்களுக்கு 'சிக்னல் அண்ட் பவர்' கமிட்டின்னு பேரு. கழிச்சுக் கட்டின டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களை வெச்சே மொத்த ரயிலையும் ஓட்டினாங்க. ரயில்கள் மோதப்போற நேரத்துல அவசர ஸ்விட்சைத் தட்டினா, கடிகாரம் நின்னு 'ஃபூ'ன்னு காட்டும். சாமர்த்தியமா ஒயரிங் பண்றதுக்கு இவங்க வெச்ச பேருதான் 'ஹேக்'. கண்டபடி சேர்ற குப்பைக்கு 'கிரஃப்ட்'. 1959ல் பீட்டர் சாம்சன் இதையெல்லாம் ஒரு அகராதியாவே தொகுத்தார். இந்த கோஷ்டியிலேர்ந்து சிலர் அப்படியே கம்ப்யூட்டர் பக்கம் போனாங்க. மிச்சக் கதை உங்களுக்கே தெரியும்.

மேசைக்கு அடியில அப்படி என்ன இருக்கும்? நம்ம தஞ்சாவூர்க்காரங்களுக்குச் சொல்லணும்னா, கல்லணைக்குக் கீழே என்ன இருக்கோ அதுதான் :-)

தடிமனான ரெண்டு கம்பி மேசை நீளத்துக்கும் ஓடும். அது ஆறு. அதிலேர்ந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிசா கம்பி பிரியும். அது வாய்க்கால். தண்டவாளம் ஒண்ணோடொண்ணு தொட்டுக்கிட்டு இருக்கே, போதாதான்னு விட்டா, ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமா வோல்டேஜ் குறைஞ்சு, கடைசி வளைவுல இன்ஜின் திணறும். கடைமடைக்குத் தண்ணி வராத அதே கதை. டெல்டாவுல 'ஏ, பி, சி, டி' வாய்க்கால்னு தரம் பிரிச்சு வெச்சிருக்கோமே, அந்த மாதிரி இங்கேயும் கலர் மாத்தி, நம்பர் ஒட்டி வெக்கணும். இல்லேன்னா ரெண்டு வருஷம் கழிச்சு கீழே படுத்துப் பாக்கறவனுக்கு எது எங்கே போகுதுன்னே புரியாது.

நிஜ ரயில்ல இந்தச் சிக்கல் பின்னாடிதான் வந்துது. கைகாட்டி காலத்துல கேபின்ல நெம்புகோலை இழுத்தா, தண்டவாளத்தை ஒட்டி உருளைகள் மேல ஓடுற கம்பி இழுபட்டு கைகாட்டி அசையும். வெயில்ல கம்பி தொய்ஞ்சா இழுத்துச் சரிபண்ண ஒரு ஏற்பாடு உண்டு. தப்பு நடந்தா கண்ணுக்குத் தெரிய வாய்ப்பாவது இருந்துது. மின்சார சிக்னல் வந்ததும் எல்லாக் கம்பியும் பெட்டிக்குள்ள போயிடுச்சு.

லண்டன் பக்கம் கிளாப்பம் ஜங்ஷன்ல 1988ல் புது ஒயரிங் போட்டவர், வேண்டாத பழைய கம்பியோட ஒரு முனையை வெட்டாம, மடிச்சுக் கட்டாம விட்டுட்டார். அப்புறம் பக்கத்துல வேற வேலை நடந்தப்போ அது நகர்ந்து, பழைய இடத்தையே போய்த் தொட்டுது. சிவப்பு விழ வேண்டிய சிக்னல் விழலை. டிசம்பர் 12 காலையில 35 பேர் செத்தாங்க. விசாரணையில தெரிஞ்சது: அந்த மனுஷனுக்கு 13 வாரத்துல ஒரே ஒரு நாள்தான் லீவு. அவரை மட்டும் திட்ட எனக்கு மனசு வரலை.

அடுத்தது நம்ம ஊர் பேரைச் சுமக்குற வண்டி. கோரமண்டல்ங்கறது சோழமண்டலம்தான்னு சொல்வாங்க. 2023 ஜூன் 2, ஒடிசாவின் பாஹாநகா பஜார். சென்னைக்கு வந்துகிட்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன்ல பச்சை. ஆனா தண்டவாளம் திரும்பியிருந்ததோ லூப் லைனுக்கு, அங்கே சரக்கு ரயில் நிக்குது. 290 பேருக்கு மேல செத்தாங்க. கூலி வேலை தேடி தெற்கே வந்த வங்காளத்துக்காரங்க அதில நிறைய. டெல்டாவுல நாத்து நடக்கூட இப்ப அந்தப் பக்கத்து ஆளுங்க வர்றாங்களே, அப்படிப்பட்ட ஜனம்.

ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிச்சப்போ, லெவல் கிராசிங் பக்கத்துப் பெட்டியில கம்பிகளோட லேபிள் தப்பா இருந்தது தெரிஞ்சுது. பல வருஷத்துக்கு முன்னாடி இணைப்பை மாத்தினவங்க எழுத்தை மாத்தலை. அன்னிக்கு கேட் வேலை பாத்தவங்க அந்த எழுத்தை நம்பி ஒயரை மாட்டினாங்க.

2022 மே மாசமே அதே கரக்பூர் கோட்டத்துல, பாங்க்ரா நயாபாஸ்ல, தப்பான ஒயரிங்கால வண்டி வேற பாதைக்குப் போயிருக்கு. அப்பவே தப்பான ஒயரிங்கைச் சரிபண்ண நடவடிக்கை எடுத்திருந்தா இது நடந்திருக்காதுன்னு அறிக்கையிலேயே இருக்கு.