அழிந்த ஒலி மீளுமா?

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆறு நிபுணர்கள் ஓர் ஒலிநாடாவை ஆராய்ந்தார்கள். அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் நிக்சன், தம் உதவியாளர் ஹால்டிமனுடன் 1972 ஜூன் 20ஆம் நாள் பேசிய பேச்சு அந்த நாடாவில் பதிவாகியிருந்தது. வாட்டர்கேட் கட்டடத்தில் திருட்டுத்தனமாகப் புகுந்தவர்கள் பிடிபட்டு அப்போது மூன்று நாட்களே ஆகியிருந்தன. ஆனால் நாடாவில் பதினெட்டரை நிமிடத்துக்குப் பேச்சே இல்லை. வெறும் இரைச்சல்தான் கேட்டது. நிபுணர்களின் முடிவு இது: அந்தப் பகுதி குறைந்தது ஐந்து தடவை தனித்தனியாக அழிக்கப்பட்டிருக்கிறது; அழிந்த பேச்சை மீட்க வழியில்லை.

அந்த அறுவரில் ஒருவர் தாமஸ் ஸ்டாக்ஹாம். யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அதே காலத்தில் இன்னொரு வேலையிலும் அவர் ஈடுபட்டிருந்தார். 1921இல் மறைந்த இத்தாலியப் பாடகர் என்ரிக்கோ கருசோவின் பழைய இசைத்தட்டுகளைச் செம்மைப்படுத்தும் வேலை அது. கருசோவின் காலத்தில் ஒலிவாங்கி கிடையாது. பாடகர் ஒரு பெரிய கூம்புக் குழலுக்குள் பாடுவார். அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். குழல் சில சுரங்களைப் பெருக்கும், சிலவற்றை அமுக்கும். அதனால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஸ்டாக்ஹாம் அந்த ஒலியை எண்களாக மாற்றிக் கணிப்பொறியில் ஏற்றினார். குழல் செய்த கோளாறு எவ்வளவு என்று கணக்கிட்டு, அதை நேர்செய்தார். 1976இல் அந்தப் பாடல்கள் புதிய இசைத்தட்டாக வெளிவந்தன.

ஒரே விஞ்ஞானி. ஓரிடத்தில் வழியில்லை, மற்றோரிடத்தில் வெற்றி. ஏன்? கருசோவின் குரல் திரிந்திருந்தது. ஆனால் தட்டின் கோட்டில் இருந்தது. நிக்சனின் பேச்சோ நாடாவில் இல்லவே இல்லை. திரிந்ததைத் திருத்தலாம், அழிந்ததை மீட்க முடியாது.

வாசகர்களே, இந்த வேறுபாடு இன்று உங்கள் கைக்கும் வந்துவிட்டது. பாட்டியின் தாலாட்டையோ ஊர்ப் பெரியவர் சொல்லும் கதையையோ பதிவு செய்கிறீர்கள். கணிப்பொறியில் இருமலை வெட்டுகிறீர்கள், இரைச்சலைக் குறைக்கிறீர்கள், பிறகு சேமிக்கிறீர்கள். அப்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்கிறது: எந்த வடிவத்தில் சேமிக்க வேண்டும்? வேவ், எம்.பி.3, ஃபிளாக் என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால், விடை தானே விளங்கும்.

அலையை எண்ணாக்கிய எண்ணம்

ஒலி என்பது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவது. அதை எண்களாக எழுத முடியும் என்று முதலில் தெளிவாகக் காட்டியவர் அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். 1937இல் பாரிஸ் நகரில் ஒரு தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் அவர் பணியாற்றினார். தொலைபேசிக் கம்பி நீள நீள, பேச்சோடு இரைச்சலும் சேர்ந்து வளர்வது அன்றைய தொல்லை. ரீவ்ஸ் யோசித்தார்: அலையை அப்படியே அனுப்பாமல், குறித்த இடைவெளியில் அதன் உயரத்தை அளந்து, அந்த அளவை மட்டும் துடிப்புகளாக அனுப்பினால் என்ன? துடிப்பு உண்டா, இல்லையா என்பதை மட்டும் அறிந்தால் போதும். இரைச்சல் நடுவிலும் அதை அறியலாம். எண்ணம் சரியானதே. ஆனால் வெற்றிடக் குழாய்களைக் கொண்டு அதைச் செய்ய மிகுந்த செலவு பிடித்தது. டிரான்சிஸ்டர் வந்த பிறகே, 1962இல், அமெரிக்கத் தொலைபேசியில் அது நடைமுறைக்கு வந்தது.

எவ்வளவு அடிக்கடி அளக்க வேண்டும்? நைக்விஸ்ட் 1928இலும் ஷானன் 1949இலும் எழுதிய கட்டுரைகள் இதற்கு விடை தந்தன. ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால் போதும். அலை முழுவதையும் திரும்ப வரையலாம். தொலைபேசிப் பேச்சுக்கு விநாடிக்கு 8,000 அளவுகள் போதும். மனிதக் காது ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்கும். எனவே இசைக்கு 40,000க்கு மேல் வேண்டும்.

44,100 வந்த கதை

குறுந்தகட்டில் விநாடிக்கு 44,100 அளவுகள் உள்ளன. ஏன் இந்த விநோதமான எண்? 1970களின் இறுதியில் விநாடிக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட துடிப்புகளைப் பதிவு செய்யச் சாதாரண ஒலிநாடாவால் இயலவில்லை. வீடியோ நாடாவால் இயன்றது. ஆகவே ஒலியின் எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி, ஒரு படம்போல வீடியோ நாடாவில் பதித்தார்கள். ஜப்பான், அமெரிக்க முறைத் தொலைக்காட்சியில் விநாடிக்கு 60 புலங்கள். ஒவ்வொன்றிலும் பயன்படுத்திய கோடுகள் 245. கோட்டுக்கு மூன்று அளவுகள். 60 × 245 × 3 = 44,100. ஐரோப்பிய முறையில் 50 × 294 × 3, அதுவும் 44,100தான்! இரு முறைக்கும் பொருந்திய இந்த எண்ணே 1982இல் வெளிவந்த குறுந்தகட்டிலும் நிலைத்தது.

ஒவ்வோர் அளவையும் எழுத 16 பிட்டுகள். அதாவது உயரத்தை 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கலாம். இடது, வலது என இரண்டு தடங்கள். பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு 14,11,200 பிட்டுகள். நிமிடத்துக்குப் பத்தரை மெகாபைட்டுக்குச் சற்று மேல் வருகிறது. பின்னால் வந்த சங்கடங்கள் எல்லாம் இந்த எண்ணிலிருந்து பிறந்தவை.

பிளேடிலிருந்து கணிப்பொறிக்கு

அதற்கு முன் ஒலியைத் தொகுப்பது கைவேலை. நாடாவை முன்னும் பின்னும் கையால் நகர்த்தி, இடத்தைக் கண்டு, பென்சிலால் குறியிட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடாவால் ஒட்டுவார்கள். தவறாக வெட்டினால் மூலமே கெட்டுவிடும்.

ஸ்டாக்ஹாம் 1975இல் சவுண்ட்ஸ்ட்ரீம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இலக்கமுறையில் பதிந்த இசையை வட்டுகளில் ஏற்றி, அலையைத் திரையில் பார்த்து வெட்டும் முறை அங்கே உருவாயிற்று. இங்கே வெட்டு என்பது ஒரு குறிப்பு மட்டுமே: இந்த எண் வரை வாசி, பிறகு அந்த எண்ணுக்குத் தாவு. மூலம் தொடப்படுவதில்லை. பிடிக்கவில்லையென்றால் குறிப்பை மாற்றினால் போதும். 1991இல் புரோ டூல்ஸ் வெளிவந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000இல் இலவசமாக வெளியான ஆடாசிட்டி, இதே வசதியை மாணவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது.

பெட்டியும் பண்டமும்

எண்கள் மட்டும் இருந்தால் போதாது. விநாடிக்கு எத்தனை அளவு, எத்தனை பிட்டு, எத்தனை தடம் என்ற விவரமும் கூடவே வேண்டும். இல்லாவிட்டால் 44,100ஆகப் பதிந்ததை 22,050ஆக வாசித்து, பாடகியின் குரலைக் கரகரத்த கிழவர் குரலாக்கிவிடும் கணிப்பொறி! இந்த விவரச் சீட்டையும் எண்களையும் சேர்த்துக் கட்டிய பெட்டியே கோப்பு வடிவம். ஆப்பிள் நிறுவனம் 1988இல் ஏ.ஐ.எஃப்.எஃப். என்ற பெட்டியைத் தந்தது. மைக்ரோசாஃப்டும் ஐ.பி.எம்.மும் 1991இல் வேவ் என்பதைத் தந்தன. எளிய வேவ் கோப்பின் விவரச் சீட்டு வெறும் 44 பைட்டுகளே.

இரண்டிலும் பண்டம் ஒன்றே. ஆனால் ஒவ்வோர் எண்ணையும் ஒன்று பெரிய பைட்டிலிருந்து எழுதும். மற்றது சிறிய பைட்டிலிருந்து எழுதும். 25ஐ 52 என்று படிப்பதுபோல் மென்பொருள் மாற்றிப் படித்தால், இசைக்குப் பதில் பேரிரைச்சல் கிளம்பும். அஞ்ச வேண்டாம். சரியான வரிசையில் படிக்கச் சொன்னால் இசை அப்படியே மீளும். இது கருசோ வகைக் கோளாறு. திரிந்ததே தவிர அழியவில்லை.

வேவ் வடிவத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. கோப்பின் நீளத்தை 32 பிட்டுகளில் எழுதுவதால் அது 4 கிகாபைட்டைத் தாண்டாது. குறுந்தகட்டுத் தரத்தில் ஏறத்தாழ ஆறே முக்கால் மணி நேரம். இரவு முழுவதும் நடக்கும் தெருக்கூத்தைப் பதிவு செய்வோர் இதை நினைவில் கொள்க.

காது கேளாததைக் களைதல்

1980களில் தொலைபேசி வழியே இசையை அனுப்ப விரும்பியவர்களுக்கு அந்தப் பதினான்கு லட்சம் பிட்டுகள் பெருஞ்சுமை. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய தோழர்களும் வேறு வழியில் சென்றார்கள். எண்களை விட்டுக் காதை ஆராய்ந்தார்கள். தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது உங்களுக்குக் கேட்பதில்லை அல்லவா? வலிய ஒலி, அருகிலுள்ள மெல்லிய ஒலியை மறைத்துவிடும். மறைவதை எதற்காகச் சேமிக்க வேண்டும்? அதைக் கரடுமுரடாக எழுதலாம், அல்லது விட்டே விடலாம். இந்தக் கொள்கையில் எழுந்த வடிவம் 1993இல் பன்னாட்டுத் தரமாக வெளியாயிற்று. 1995இல் எம்.பி.3 என்ற சுருக்கப் பெயர் கோப்புகளுக்குச் சூட்டப்பட்டது. விநாடிக்கு 1,28,000 பிட்டு என்றால், பதினொன்றில் ஒரு பங்கே!

சுசான் வேகா என்ற பாடகி துணைக் கருவிகள் இன்றித் தனிக்குரலில் பாடிய பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டே பிராண்டன்பர்க் இம்முறையைச் செம்மை செய்தார். மறைத்துக்கொள்ள வேறு ஒலி இல்லாத தனிக்குரலில்தான் குறை பளிச்செனத் தெரியும்.

கேட்பதற்கு எம்.பி.3 அருமையான கண்டுபிடிப்பு. தொகுப்பதற்கு அது ஏற்றதன்று. ஒலியை 1,152 அளவுகள் கொண்ட கட்டுகளாக, அதாவது விநாடியில் ஆயிரத்தில் 26 பங்கு நீளமுள்ள துண்டுகளாக, அது கட்டிவைக்கிறது. ஆகவே பெரும்பாலான தொகுப்பு மென்பொருள்கள் முதலில் முழுவதையும் பிரித்து எண்களாக்கி, நீங்கள் சேமிக்கும்போது மறுபடி சுருக்குகின்றன. ஒவ்வொரு சுருக்கலிலும் புதிதாகச் சில களையப்படுகின்றன. நகலுக்கு நகல் எடுத்த தாளில் எழுத்து மங்குவதுபோல், நாலைந்து தடவை திறந்து திருத்திச் சேமித்தால் குரல் கெடத் தொடங்கும். தாளம் தெளிவிழக்கும், 'ச' ஓசை சலசலக்கும்.

எம்.பி.3ஐ வேவ் ஆக மாற்றினால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். கோப்பு பதினொரு மடங்கு பெருக்கும், போனது வராது. பிழிந்த கரும்பைப் பெரிய அண்டாவில் போட்டு வைத்தால் சாறு திரும்பிவிடுமா? இது நிக்சன் நாடா வகை.

சுருங்கியும் இழக்காத வழி

அப்படியானால் இடத்தை மிச்சப்படுத்த வழியே இல்லையா? உண்டு. ஜாஷ் கோல்சன் என்பவர் 2001இல் ஃபிளாக் வடிவத்தை இலவசமாக வெளியிட்டார். கடைக்காரர் தினமும் அரிசி விலையை முழுதாக எழுதாமல், 'நேற்றையதைவிட ஒன்று கூட' என்று குறிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து குறையும், கணக்கு பிசகாது. ஃபிளாக்கும் முந்தைய அளவுகளைக் கொண்டு அடுத்ததை ஊகித்து, ஊகம் தவறிய அளவை மட்டும் எழுதுகிறது. கோப்பு பெரும்பாலும் பாதி அளவாகச் சுருங்கும். விரிக்கும்போது ஒரு பிட்டு கூடப் பிசகாமல் மூலமே கிடைக்கும். 2024 டிசம்பரில் இது இணையப் பொறியியல் குழுவின் தரமாகவும் வெளியிடப்பட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது

பதிவு செய்யும்போதே கருவி அனுமதித்தால் வேவ் அல்லது ஃபிளாக் வடிவைத் தேர்ந்தெடுங்கள். ஒலி மட்டத்தைச் சற்றுக் குறைத்தே வையுங்கள். எண்ணின் உச்சியைத் தாண்டிய அலையின் தலை சீவப்பட்டுவிடும்; சீவியது அழிந்ததே. 24 பிட்டில் பதிந்தால் படிகள் 1,67,77,216. ஆகையால் மட்டம் தாழ்ந்திருந்தாலும் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம்.

கருவி எம்.பி.3ஐ மட்டுமே தந்தால், அந்த முதல் கோப்பை அப்படியே பாதுகாத்து வையுங்கள். அதைப் பிரித்து, வேவ் வடிவில் எல்லா வெட்டு வேலையையும் முடித்து, கடைசியில் ஒரே ஒரு முறை சுருக்குங்கள்.

தொகுப்பு மென்பொருளின் திட்டக் கோப்பை ஒலி என்று நம்பிவிடாதீர்கள். ஆடாசிட்டியில் 2021க்கு முன் திட்டக் கோப்பு ஒன்றும், ஒலித் துண்டுகள் நிறைந்த அடைவு ஒன்றும் தனித்தனியே இருந்தன. முதலாவதை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போனவர்கள் வெட்டுக் குறிப்புகளைத்தான் கொண்டு போனார்கள். பாட்டைக் கொண்டு போகவில்லை. 2021இல் வந்த மூன்றாம் பதிப்பு இரண்டையும் ஒரே கோப்பாக்கியது. ஆயினும் வேலை முடிந்ததும் ஃபிளாக் நகல் ஒன்றைத் தனியே, வேறொரு வட்டில் வைப்பதே நன்று.

உறவினருக்கும் நண்பருக்கும் அனுப்ப எம்.பி.3 போதும், தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அதை அனுப்பிவிட்டு மூலத்தை நீக்கிவிடாதீர்கள். கருசோவின் தட்டுகளை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவற்றைத் திருத்தும் கலை பிறந்தது. உங்கள் பாட்டியின் குரலைத் திருத்தும் கலையும் நாளை இதைவிட வளரக்கூடும். அன்று அதற்கு வேலை செய்ய மூலம் ஒன்று கையில் இருக்க வேண்டும்.