வானத்திலிருந்து மீன் மழை... உண்மையா, வதந்தியா? அறிவியல் சொல்வது என்ன?

2014 மே மாதம் இலங்கையின் சிலாபம் பகுதி கிராமம் ஒன்றில் மழையோடு சேர்ந்து மீன்களும் விழுந்தன. ஒவ்வொன்றும் 5 முதல் 8 செ.மீ நீளம், மொத்தம் சுமார் 50 கிலோ. உயிரோடு இருந்த மீன்களை மக்கள் வாளித் தண்ணீரில் போட்டு வைத்தார்கள். எதற்கு? குழம்புக்குத்தான்!

மீன் எப்படி மேலே போகுது?

கடல், ஏரி போன்ற நீர்ப்பரப்பின் மேல் சில நேரம் சுழற்காற்று தூண் போல எழும்பும். ஆழமில்லாத இடத்தில் மேலாக நீந்தும் குட்டி மீன், தவளை போன்றவற்றை அது தூக்கிவிடலாம். காற்றின் வேகம் குறைந்ததும் அவை கீழே விழும். மீன் மழை என்றாலே பெரும்பாலும் பொடி மீன்களாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்கிறார்கள். ஆனால், இப்படித் தூக்கிச் செல்வதை நேரடியாகப் பதிவு செய்த ஆதாரம் மிக அரிது.

எல்லாத்துக்கும் காற்றுதான் காரணமா?

இல்லை. இந்த 4 விஷயங்களைப் பாருங்க:

* டெக்சர்கானா, அமெரிக்கா (டிசம்பர் 2021): புயல் மழையில் மீன்கள் விழுந்தன. மேலே பறந்த நீர்க்காகங்கள் கக்கிய மீன்களாக இருக்கலாம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கூறினர்.

* பீபி, அர்கன்சாஸ் (2010 டிசம்பர் 31 இரவு): ஆயிரக்கணக்கான பறவைகள் செத்து விழுந்தன. புத்தாண்டு வெடிச் சத்தத்தில் மிரண்டு, இருட்டில் வீடு, மரங்களில் மோதியதே காரணம் எனக் கருதப்படுகிறது.

* புளோரிடா (ஜனவரி 2020): கடுங்குளிரில் உடம்பு விறைத்து இகுவானாக்கள் மரத்திலிருந்து விழலாம் என வானிலை மையமே எச்சரித்தது. வெயில் வந்ததும் பல எழுந்து போய்விடும்.

* தவளை மழை: நல்ல மழைக்குப் பிறகு மண்ணுக்குள் இருந்த தவளைகள் கூட்டமாக வெளியே வரும். பார்ப்பவர்களுக்கு வானத்திலிருந்து கொட்டியது போலத் தெரியும்.

ஃபார்வர்ட் செய்யும் முன்...

இப்படி ஒரு வீடியோ வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விழுந்ததைப் பார்த்தார்களா, தரையில் கிடந்ததைப் பார்த்தார்களா? வெள்ளத்தில் குளம் நிரம்பி வழிந்தாலும் தெருவில் மீன் கிடக்கும்.

பறவைகள் கூட்டமாக இறந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாதீங்க, சமைக்கவும் வேண்டாம். பறவைக் காய்ச்சலாகவோ விஷமாகவோ இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவமனைக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்லுங்க. அங்கே வீடியோ எடுப்பதைவிட அதுதான் முக்கியம்.